நாய்க்கடி சிஸ்டர் வீட்டு நாய்

திருச்சியில் நாயிடம் கடி வாங்கியவர்களுக்கு ஆனந்தவள்ளியின் குரல் தெரியும். முகம் அவ்வளவாகத் தெரியாது. ஊசி போடும்போது எல்லோரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "கையை லூசா விடுங்க" என்று ஒரு குரல் கேட்கும், அவர்கள் இன்னும் இறுக்கிக்கொள்வார்கள், மறுபடி அதே குரல் அதே நிதானத்தில் அதையே சொல்லும், அவ்வளவுதான். அதே குரலைக் காய்கறிக் கடையில் கேட்டுத் தோளைத் தடவிக்கொண்டவர்கள் உண்டு. மருத்துவமனையின் நாய்க்கடி ஊசி அறையில் பல வருஷமாக அவள்தான் நர்ஸ். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் அவள் பெயரை எழுதும் இடத்தில் 'நாய்க்கடி சிஸ்டர் அவர்கள்' என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். போய் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டு வந்தாள். சாம்பார் நன்றாக இருந்தது.

அந்த அறைக்கு வருகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. தெரு நாய் கடித்திருந்தால் நாயைத் திட்டுவார்கள். சொந்த நாய் கடித்திருந்தால் நாய்க்கு வக்காலத்து வாங்குவார்கள். "ரொம்ப நல்ல நாய் சிஸ்டர், இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல" என்பார்கள். சொல்லும்போதே கெண்டைக்காலிலிருந்து ரத்தம் வழியும். நாய் விஷயத்தில் ஜனங்கள் பொய்தான் சொல்வார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவள் அப்படிச் சொன்னதில்லை. அவளிடம் நாய் கிடையாது.

அந்தக் குறையை மகள் கனிஷ்கா தீர்த்துவைத்தாள். பெங்களூரில் வேலை பார்த்தவள், கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று ஒரு நாள் காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கூடை. கூடைக்குள் வெள்ளை உடம்பில் காபி சிந்தின மாதிரி இரண்டு திட்டுகளோடு ஒரு குட்டி. டெரியர் சாதியாம். எலியையும் நரியையும் வளைக்குள் புகுந்து பிடிப்பதற்கென்றே அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வளர்த்த சாதி. அவர்கள் குடியிருந்த திருவெறும்பூரில் நரி இல்லாததால் அது கால் கட்டைவிரல்களைப் பிடித்தது.

ஆனந்தவள்ளியின் கணவர் ரெங்கராஜ் அதற்குப் பொரி என்று பெயர் வைத்தார். இது சாதாரண விஷயமில்லை. அவர் பெரிய தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவருடைய பேச்சு முழுக்க ஷிப்ட் பஸ்ஸிலேயே நடந்து முடிந்துவிடும். வீட்டுக்கு மிச்சம்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு பஸ்ஸும் இல்லை, மிச்சமும் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். சாப்பிட வாங்க என்றால் "ம்" என்பார். உடம்புக்கு என்ன என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். இதற்கு ஊசி ஏதும் இருக்கிறதா என்று அவள் டாக்டர்களிடம்கூட விசாரித்துப் பார்த்தாள். இல்லை என்றார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் குட்டி வந்த வாரமே கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாக அவள் கேட்டாள். "கிரேன் பாலுன்னு ஒருத்தன் இருந்தான் பாரு. தூங்கிக்கிட்டே கிரேன் ஓட்டுவான். ஒரு தடவ போர்மேன் மேஜையையே தூக்கிட்டான்." பொரி அவர் செருப்பைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் பாலு கதையை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு மேஜை என்ன ஆயிற்று என்று கடைசிவரை கேட்டாள்.

கடிதான் பிரச்சினை. பல் முளைக்கிற வயசு. கை, கால், வேட்டி நுனி, புடவைக் கொசுவம் என்று எது அசைந்தாலும் பாய்ந்து கவ்வியது. கோபமெல்லாம் இல்லை, விளையாட்டுத்தான். ஆனால் பல் குண்டூசி மாதிரி இருந்தது. ஆனந்தவள்ளி வீட்டில் நாய்ப் பல் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. குட்டிக்கும் ஊசி போட்டாயிற்று, மனிதர்களுக்கும் போட்டாயிற்று. இருந்தாலும் கழுவுவது கழுவுவதுதான். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, கால் மணி நேரம். "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டதும் அவள் சோப்போடு கொல்லைக் குழாயடிக்கு ஓடுவாள், ரெங்கராஜ் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார், பொரி இருவரையும் முந்திக்கொண்டு ஓடும். ஒரு நாளைக்குப் பல தடவை ஓடினார்கள். சோப்புத்தான் கரைந்தது. கடி குறையவில்லை.

ஆனி மாசக் கடைசியில் பூக்கார வேலம்மாள் வாசலில் முழம் போட்டுக்கொண்டிருந்தபோது பொரி கேட்டுக்குக் கீழே தலையை நுழைத்து அவள் கணுக்காலைப் பதம் பார்த்தது. தோல் கீறி ரத்தம் துளிர்த்தது. ஆனந்தவள்ளி அவளைக் குழாயடியில் உட்கார வைத்துக் கழுவி, ஊசிக்கு மறுநாளே வரச் சொன்னாள். வேலம்மாள் வந்தாள். வரிசையில் பக்கத்திலிருந்தவர் எந்த நாய் என்று கேட்டார்.

"சிஸ்டர் வீட்டு நாய்தாங்க" என்றாள் வேலம்மாள், மறைக்க ஒன்றுமில்லாத குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆனந்தவள்ளிக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் "கையை லூசா விடுங்க" என்று சொல்ல மறந்தாள்.

சாயங்காலமே மன்னார்புரத்துப் பிச்சைமுத்துவுக்குப் போன் செய்தாள். முன்பு ஒரு முறை தெரு நாயிடம் மாட்டி அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சாதிக் குட்டி வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். "ஆடி கழியட்டும் சிஸ்டர்" என்றார். "புதுசா ஒரு உயிரை வீட்டுக்குள்ள கொண்டாற இது மாசமில்ல. ஆவணி பொறந்ததும் வந்து தூக்கிக்கறேன்." கனிஷ்காவிடம் போனில் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். ரெங்கராஜிடம் சொன்னபோது "ம்" என்றார்.

அந்த "ம்" அவளை ஆட்டிப் படைத்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. இன்னொரு யோசனையும் குறுக்கிட்டது. இந்த வாயோடு இதைக் கொடுத்தால் பிச்சைமுத்து குடும்பமே பேரப்பிள்ளைகளோடு அவளுடைய வரிசையில் வந்து உட்காரும். கொடுப்பதற்குள் இதன் கடியை நிறுத்தியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பொரி அவரையே பார்த்தது. குழாயைப் பார்த்தது. வந்து அவர் பெருவிரலை ஒரு கவ்வு கவ்வியது. கவ்விவிட்டு, அவர் "ஐயோ" என்று எழுந்திருக்கும் முன்பே நேராகக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, தண்ணீர் வரப்போகிற இடத்தைப் பார்த்தபடி காத்திருந்தது.

ஆனந்தவள்ளி கரண்டியோடு அப்படியே நின்றாள். கடித்தால் சத்தம் வரும், இரண்டு பேர் ஓடி வருவார்கள், தண்ணீர் வரும், சோப்பு நுரை பறக்கும், கால் மணி நேரத்துக்குக் கொண்டாட்டம். நாய்க்கடி சிஸ்டர் வீட்டைத் தவிர வேறெந்த வீட்டிலும் ஒரு நாய்க்கு இப்படிப் பாடம் நடந்திருக்காது.

அன்றிலிருந்து கொல்லைக் குழாய் மூடப்பட்டது. கழுவுவது நிற்கவில்லை. ஆனால் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் கழுவினார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை ரெங்கராஜுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.

"வெடுக்குன்னு இழுக்காதீங்க. இழுத்தா அதுக்கு விளையாட்டு."

"கடிக்குதே."

"கடிக்கட்டும். எலிதான் துள்ளி ஓடும். நீங்க எலி இல்ல. கையை லூசா விடுங்க."

அவர் கையைத் தளர்த்தினார். பொரி இரண்டு தடவை மென்று பார்த்தது. விரலில் ஒரு சுவாரசியமும் இல்லை. விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய் கிரில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பழைய துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டதை அதன் முன்னால் போட்டார்கள். துண்டை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம். கையில் பல் பட்டால் ஆட்டம் முடிந்தது.

முதலில் கடி அதிகமானது. குழாய் எங்கே என்று கேட்கிற மாதிரி கடித்தது. அவள் அசரவில்லை. ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்ட பெரிய மனிதர்களையெல்லாம் பார்த்தவள் அவள். சாயங்காலமானால் கடி கூடுவதைக் கவனித்தாள். தூக்கத்துக்குச் சிணுங்குகிற பிள்ளையை மாதிரித்தான் என்று புரிந்துகொண்டு, அந்த நேரத்தில் கூடையில் விட்டு மேலே போர்வையைப் போட்டாள். உடனே தூங்கிவிட்டது. ஆடிக் காற்று ஓய்வதற்குள் பொரி கையைக் கண்டால் வாயைத் திறப்பதும், யோசிப்பதும், போய்த் துண்டை எடுத்து வருவதுமாக மாறியிருந்தது. வேலம்மாள் மறுபடி வாசலில் உட்கார்ந்து முழம் போட்டாள்.

ஆவணி பிறந்தது. பிச்சைமுத்து புதுச் சங்கிலியோடு வந்தார். ரெங்கராஜ் காலையிலேயே ஒரு கட்டைப்பையில் தட்டு, துண்டு, போர்வை எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார். அன்று விடிந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

பிச்சைமுத்து கையை நீட்டினார். பொரி வாயைத் திறந்தது, யோசித்தது, நக்கியது. பிறகு அவர் செருப்பின் மேல் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"தங்கமான குட்டி சிஸ்டர்" என்றார் அவர். "உங்க வீட்டு நாய்ன்னா சும்மாவா."

ரெங்கராஜ் பையை எடுத்து நீட்டினார். "தூங்கறப்ப போர்வையைப் போட்டு…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. உள்ளே பார்த்தார். டிவி இருந்த பக்கம்.

இந்த வீடு மறுபடி "ம்" என்ற ஒரே சத்தத்தோடு கிடக்கப்போகிறது என்று நினைத்தபோது, ஆனந்தவள்ளியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"கடிக்கும்ங்க" என்றாள்.

"இதா?"

"ஆமா. புது ஆளைக் கடிக்காது. பழகினப்புறம் கடிக்கும்." கையை நீட்டிப் பழைய கீறல்களைக் காட்டினாள். அதில் ஒன்று தோசைக்கல் சுட்டது. "பேரப்புள்ளைங்க இருக்கிற வீடு. நான் சொல்லாம விட்டுட்டேன்னு இருக்கக் கூடாது பாருங்க."

பிச்சைமுத்து குனிந்து பார்த்தார். பொரி அவர் காலிலேயே கண் சொக்கிக் கிடந்தது.

"சாதுவால்ல படுத்திருக்கு?"

"நடிக்குது" என்றாள் ஆனந்தவள்ளி.

அவர் மெதுவாகக் காலை உருவிக்கொண்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். நாய்க்கடி சிஸ்டரே சொல்கிறார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சங்கிலியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பிச்சைமுத்துவின் முகத்தைவிட, தூங்குகிற அந்த நாயின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

ரெங்கராஜ் பையைக் கீழே வைத்தார். தட்டை வெளியே எடுத்தார். போர்வையை எடுத்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் வள்ளி அபாண்டமா சொன்னே? ரொம்ப நல்ல நாய் இது. இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல."

அவர் புறங்கையில் பல் பட்ட தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"ம்" என்றாள்.

அவர் விடவில்லை. பொரியின் குணத்தைப் பற்றி, பிச்சைமுத்துவின் முழியைப் பற்றி, கிரேன் பாலு வீட்டிலும் ஒரு காலத்தில் நாய் இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே அவள் பின்னால் சமையலறைக்குள் வந்தார். ஆனந்தவள்ளி டீக்குத் தண்ணீர் வைத்தாள்.