வாக்கியத்துக்குச் சாட்சி

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன், மொழியியலில் ஆய்வு. ஒரு சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவரலாம், ஆனால் எங்கிருந்து வேண்டுமானாலும் உருவ முடியாது என்பதுதான் விஷயம். ‘குன்றத்தூர்ல வீட்டைக் கட்டினவரை நான் பஸ்ஸுல பார்த்தேன்’ என்று சொல்லலாம். ‘வீட்டை நான் குன்றத்தூர்ல கட்டினவரை பஸ்ஸுல பார்த்தேன்’ என்றால் காதில் உதைக்கும் என்பார்கள். ‘கட்டினவரை’ என்பதோடு சேர்ந்து அடைபட்ட வீடு வெளியே வரக்கூடாது என்பது விதி. எல்லா மொழிக்கும் இந்த வேலி உண்டு என்று படித்திருந்தேன். தமிழுக்கு இல்லை என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். திமிர்தான். அது நின்றால்தான் எனக்குப் பட்டம்.

ஆதாரம் கீழ்வீட்டு அக்கா. வீட்டுக்காரரின் மனைவி, சேரப்பணஞ்சேரியில் பிறந்தவர். சாயங்காலம் அவர் கீரை ஆயும்போது எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பேன்.

“சரியா இருக்காக்கா?”

“நல்லாத்தான் கீது.”

ஒரு டிக் போடுவேன். நானும் சொல்லிப் பார்த்து, பக்கத்தில் என் டிக்கையும் போடுவேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள், சொற்கள் கலைந்துபோயிருந்த ஒரு வரியைக் கவனிக்காமல் படித்துவிட்டேன். ‘பஸ்ஸுல வீட்டை பார்த்தேன் கட்டினவரை குன்றத்தூர்ல நான்.’ அக்கா தலைநிமிராமல், “நல்லாத்தான் கீது” என்றார்.

டிக் போடப்போனபோதுதான் வரியைப் பார்த்தேன். “நீங்க இப்படிப் பேசுவீங்களாக்கா?”

“நான் இன்னாத்துக்குப் பேசப்போறேன்? நீ படிச்சவ, எழுதிக்கினு வந்து கேக்கற. பரீட்சை விசயம். நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது?”

‘சரியா’ என்று கேட்டேனே தவிர, ‘பேசுவீங்களா’ என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பழைய வரிகளையெல்லாம் அப்படிக் கேட்டேன். வேலி தாண்டிய ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்தார். “இப்டி யாரும் பேசமாட்டாங்கம்மா.” எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா இல்லாவிட்டால் போகட்டும், எனக்கும் தமிழ்தானே தாய்மொழி? ‘வீட்டை நான் குன்றத்தூர்ல கட்டினவரை பஸ்ஸுல பார்த்தேன்.’ நாலைந்து முறை சொன்னேன். உதைக்கவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எதுவுமே உதைக்கவில்லை. சொல்லிச் சொல்லி என் காது மரத்துப்போயிருந்தது. பயந்துபோனேன்.

அத்தியாயத்தின் கடைசியில், தகவல் தந்தவர்கள் என்று இரண்டு பெயர்கள். அக்கா பெயரை அடித்தேன். பேனாவை மூடப்போனவள், திரும்பத் திறந்து என் பெயரையும் அடித்தேன்.