பாவு பிடித்த கை

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எதிர் வீட்டுச் சுமதி இடுப்பில் குழந்தையோடு வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள். பால் வாங்கப் போன மாமியார் இன்னும் வரவில்லை.

என் எட்டு வயதில் இதே தெருவில் இதே ஹாரனைக் கேட்டேன். அப்போதெல்லாம் விடிந்ததும் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். காய்வதற்குள் இழை பிரிக்காவிட்டால் எல்லாம் ஒட்டிப் பாழாகிவிடும். அதனால் யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும்.

அன்று எங்கள் வீட்டுப் பாவு. அப்பாவோடு இழை பிரிக்க நின்றது அக்கா. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் அவளுக்கு முதல் நாளும் அன்றுதான். நேரம் இருக்கிறதென்று நம்பிச் சீருடையோடு வந்து நின்றிருந்தாள். பஸ் முன்கூட்டியே வந்துவிட்டது.

ஹாரன் மறுபடி கேட்டது. அக்காவால் பாதியில் கையை எடுக்க முடியவில்லை. மறுமுனையில் அப்பாவின் கைகளும் இழைக்குள் இருந்தன.

"பொம்பளப் புள்ள பஸ் ஏறி வேலைக்குப் போறதா" என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராணி அத்தை, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"தள்ளு, நான் பாத்துக்கிறேன். பஸ் போயிடப் போவுது, ஓடுமா."

அக்கா கஞ்சிக் கையோடு ஓடிப்போய் ஏறினாள். "சாப்புடாம ஓடுது பாரு" என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டே இழை பிரித்தாள்.

இன்று நான் தெருவைத் தாண்டிப் போய்ச் சுமதியின் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"நான் பாத்துக்கிறேன், நீ ஓடுமா."

பஸ் நகர்ந்த பிறகுதான், சுமதி சாப்பிட்டாளா என்று கேட்காதது நினைவுக்கு வந்தது.