காக்கித் துணி கட்டிய சாவி

நான் கிளம்பிய வியாழக்கிழமை காலையில், தையல்கார அக்கா என் வீட்டு மாற்றுச் சாவியில் ஒரு பச்சைத் துணியை முடிந்துகொண்டிருந்தார். முந்தின வாரம் எனக்குத் தைத்த சட்டையில் மிஞ்சிய துண்டு அது.

"எப்பத் திரும்பி வருவ, ஊர்சுத்தி?"

"தெரியலக்கா."

"சரி, அதுவரைக்கும் இங்க தொங்கட்டும்."

எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடி, இருபத்திரண்டு வீடு. தரைத்தளத்தில் அக்காவின் கடை. மிஷினுக்கு மேலே உள்ள பலகையில் எல்லா வீட்டு மாற்றுச் சாவிகளும் தொங்கும். எதிலும் எண் இருக்காது. "நம்பர் எழுதினா திருடனுக்குப் பாதி வேலை மிச்சம்" என்பார். அவரவர் துணியில் ஒரு துண்டுதான் அடையாளம். நர்ஸம்மாவுக்கு வெள்ளை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பஸ் டிரைவர் அண்ணனுக்குக் காக்கி. ஓய்வுபெற்ற பிறகும் அவர் அந்தக் கால்சட்டையை விடவில்லை.

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பதறுகிறவர்கள், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள், எல்லாரும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். வந்தவர்களை அக்கா சும்மா அனுப்பமாட்டார். "இந்த நுனியக் கொஞ்சம் பிடிங்க" என்று திரைச்சீலைத் துணியை நீட்டுவார். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் இரண்டு வருடம் முகம் பார்க்காத நர்ஸம்மாவும் டிரைவரும் ஒருநாள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி நின்றார்கள். அக்கா வேண்டுமென்றே மெதுவாக வெட்டினார்.

"ஏம்மா, இது துணியா ரோடா? முடியவே மாட்டேங்குதே" என்றார் டிரைவர்.

"நீங்க ஓட்டின பஸ்ஸுக்கு இது வேகந்தான்" என்றார் நர்ஸம்மா, துணியைப் பார்த்தபடி. அன்றோடு சண்டை தீர்ந்தது.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மூன்று வருடம் கழித்துத் திரும்பியபோது கதவுகளில் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டுகள் வந்திருந்தன. பலகையில் வெறும் ஆணிகள். இரண்டே சாவிகள் தொங்கின: பச்சை, காக்கி. வெட்டவேண்டிய துணியின் மறுநுனியில் இஸ்திரிப்பெட்டியை ஏற்றி வைத்திருந்தார் அக்கா.

"டிரைவர் அண்ணன் எப்படிக்கா இருக்கார்?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எட்டு மாதம் முன்பு இரண்டு நாளாக டிரைவர் இறங்கி வரவில்லை. காக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு அக்கா ஏறிப் போனார். கதவில் சாவித் துளையே இல்லை. வெளியூர் மகன் முந்தின வாரம் வந்து பூட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

"மணியடிச்சேன், சத்தமில்ல. பூட்ட மாத்தினத டிரைவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, இனிமே நாம வரவேணாம்னு நெனைக்கிறாரு போலன்னு ரோஷம் வந்துருச்சு. இறங்கி வந்துட்டேன்."

மறுநாள் நர்ஸம்மா டிரைவரின் மகனுக்குப் போன் செய்து, பூட்டின் எண்ணைக் கேட்டுக் கதவைத் திறந்தார். குளியலறை வாசலில் டிரைவர் விழுந்து கிடந்தார். உயிர் போய் அரைநாள்கூட ஆகவில்லை என்றாராம் மருத்துவர்.

போன வாரம் நான் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் ஒலித்தது. பார்த்தவர், என்னிடம் நீட்டினார். டிரைவரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. அப்பாவின் படங்களை எடுப்பதற்காக மகன் அவருடைய பழைய போனுக்கு அன்றுதான் இணைய இணைப்புக் கொடுத்திருந்தார். பூட்டு மாட்டிய நாளில் டிரைவர் எழுதி, போய்ச் சேராமல் நின்றுவிட்ட செய்தி இப்போது வந்திருந்தது. வாசித்தேன்.

"ஏம்மா, பையன் பூட்ட மாத்திட்டான். நம்பர் 4172. உங்கிட்டயே இருக்கட்டும்."

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் அக்கா. பிறகு எழுந்துபோய், காக்கித் துணியின் முடிச்சை அவிழ்த்து, மிஷின் மேல் வைத்துச் சுருக்கம் போக நீவினார். தையல் சாக்கட்டியால் அதில் நான்கு எண்களையும் எழுதினார். மறுபடியும் சாவியில் முடிந்து, அதே ஆணியில் மாட்டினார்.