அணைக்கட்டில் மிச்சமிருந்த துண்டு

அய்யனார் குளத்தைச் சுற்றி வருவதைப்போல இலேசான காரியம் உடப்புப் பக்கத்தில் வேறில்லை. மேடு பள்ளம் கிடையாது. கோயில் வாசலில் இறங்கினால் பாலைமரமும் வீரைமரமும் கவிந்த நிழற்காட்டுக்குள்ளால், குளக்கரையை விடாமல் பாதை வளைந்து போகும். காடு முடிகிற இடத்தில் அணைக்கட்டு. அணைக்கட்டால் நடந்தால் திரும்பவும் கோயில். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பெண்கள் ஊர்க்கதை கதைத்தபடியே சுற்றி முடிப்பார்கள். அந்தப் பாதையைத்தான் தவமலரால் ஒருமுறை முழுதாக நடந்துவிட முடியவில்லை.

தவமலர் கருவாட்டுக்காரி. கரைவலையில் கிடைக்கிற கூனி இறாலைக் காயவைத்துப் பனையோலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு பாலாவிச் சந்திக்குப் போய் விற்பாள். பிடித்தால் பிடித்ததுதான். கடகத்தை பஸ்ஸின் கூரையில் போடச் சொன்ன கொண்டக்டரிடம், “ஏற்கெனவே காய்ஞ்ச சாமான் தம்பி, மேல போட்டு இன்னும் காயவைக்கப் போறியா” என்று கேட்டு, பஸ்ஸின் முன்னால் நின்று, கடகத்தை உள்ளே ஏற்றிய பிறகே வழிவிட்டவள். அவள் கணவன் தில்லையம்பலம் அவளோடு வாக்குவாதப்படுவதைக் கலியாணமான வருஷமே விட்டுவிட்டான்.

ஒரே மகன் தயாபரன் கொழும்பில் இரும்புக்கடையொன்றில் வேலை செய்தான். நகரத்தில் குண்டு வெடித்த கிழமை, அவன் தங்கியிருந்த அறையைச் சுற்றிவளைத்து, இருந்த தமிழ்ப் பொடியன்கள் எல்லாரையும் பொலிசார் ஏற்றிக்கொண்டு போனார்கள். வருகிற திங்கட்கிழமை வழக்குத் தவணை. தவணைக்கு முன்னால் குளத்தை ஒருமுறை வலமாகச் சுற்றுவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

வலமென்றால் தண்ணீர் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். இடமாகச் சுற்றுவது சாவீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

அந்த வருஷம் காடு முடிந்து அணைக்கட்டுத் தொடங்குகிற மூலையில் மண்மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவமலர் காட்டுப்பாதையை நடந்து முடித்து வெளியே வந்தபோது, சிலாபப் பக்கத்து ஊர்காவல் படைப் பொடியன் வின்சன்ட் துவக்கோடு குறுக்கே வந்தான். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் கதைக்கிற கத்தோலிக்கன்; ஊர்ப் பேச்சில் வேதக்காரன்.

“நில்லுங்க அக்கே. காட்டால வர ஏலாது.”

“வந்திட்டனே. இந்தக் கட்டால போனா முடிஞ்சுது.”

“ஓடர் இல்ல. கட்டுப் பக்கத்தால வந்து, எங்களுக்கு முகத்தைக் காட்டி, பொறகு காட்டுக்குள்ள போங்க. முதுகுப் பக்கத்தால வாறவங்கள சார்ஜன் மாத்தயா விடமாட்டார்.”

“அப்பிடிப் போனா அது இடம். செத்தவனுக்குச் சுத்துறது. என்ட பிள்ளை உசிரோட இருக்கிறான்.”

“குளம் ஒண்டுதானே அக்கே. எந்தப் பக்கத்தால சுத்தினா என்ன?”

“உங்கட மாதாவின்ட தேரைப் பின்பக்கமா இழுப்பியா நீ?”

வின்சன்ட் சிரித்தான். வழி மட்டும் விடவில்லை.

திரும்பிப் போவதிலும் சிக்கல் இருந்தது. திரும்பினால் தண்ணீர் இடக்கைக்கு வந்துவிடும். நடந்த நடை அவ்வளவும் பிழையாகிப்போகும். தவமலர் யோசித்துப் பார்த்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமல், பின்காலாலேயே நடக்கத் தொடங்கினாள். சூரைமுள் சேலையைக் கிழித்தது. வேர் தடக்கி இரண்டு இடத்தில் விழுந்தாள். விழுந்தபோதும் வலக்கை குளத்துப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே எழும்பினாள்.

கோயில் வாசலில் பூசாரி வீரகத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறவளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்ன புள்ள, நண்டுக்குப் பிறந்தவள் மாதிரி?”

“நண்டு பக்கத்தாலதான் போகும். விசயம் தெரியாமல் கதைக்காதீங்க.”

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், “மனசால சுத்தினாலும் அய்யனார் ஏத்துக்கொள்ளுவார்” என்றார்.

“மனசால சுத்துறதாவா நேர்ந்தனான்? காலாலதான் நேர்ந்தனான்.”

வேறு வழியொன்றும் இருந்தது. நேர்ந்தவரால் ஏலாமற்போனால் மிச்சத்தை உறவுக்காரர் நடந்து முடிக்கலாம். ஆனால் தில்லையம்பலமானாலும் காவலரணடியில் அதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி காட்டால் நடந்து அதே மூலைக்கு வந்து, பாலைமரத்தடியில் குந்திவிட்டாள்.

“அக்கே, திரும்பவுமா?”

“நான் வரயில்ல. மிச்சத்தை நீ நட.”

“நானா? நான் வேதமல்லவா.”

“கால் வேதமா? என்னை அக்கா எண்டுதானே கூப்பிடுற. அப்ப உறவுதான். இந்தா கற்பூரம். தண்ணி வலக்கைப் பக்கம். கோயிலடியில கொளுத்து.”

வின்சன்ட் காவலரணுக்குள் எட்டிப் பார்த்தான். சார்ஜன் சாய்ந்து நித்திரையாய்க் கிடந்தார். கற்பூரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அணைக்கட்டில் ஏறினான். தவமலர் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பொடியன் நல்ல வேகமாகத்தான் போகிறான்.

பாதித் தூரம் போயிருப்பான். அப்போதுதான் அவன் கால்கள் அவள் கண்ணில் பட்டன. நேர்த்தி நடக்கிறவர் வெறுங்காலோடு நடக்கவேண்டும் என்பது உடப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்தது என்பதால், அதை ஒருவருக்கும் சொல்லவேண்டி வந்ததேயில்லை.

“சப்பாத்து! சப்பாத்தைக் கழட்டு!”

அவன் நின்று காதில் கையை வைத்தான். அவள் தன் காலைத் தூக்கித் தட்டிக் காட்டினாள். விளங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து நாடாவை அவிழ்த்து, சப்பாத்தைத் துவக்கில் கொழுவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நடந்தான்.

“அங்கயிருந்து இல்ல. முதல்ல இருந்து.”

சத்தத்துக்குச் சார்ஜன் எழும்பி வந்து சிங்களத்தில் அதட்டினார். இரண்டு குரலுக்கும் நடுவில் பொடியன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு குனிந்த தலையோடு கோயிலைப் பார்த்து ஓடினான். கற்பூரப்புகை சின்னதாக எழும்பியது. தவமலருக்கு அழுகையும் வரவில்லை. பாதித் தூரம் சப்பாத்துக்காலோடு நடந்த நேர்த்தி கணக்கில் வராது.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் தயாபரனைத் தூரத்தில் கண்டார்கள். மெலிந்திருந்தான். பொலிஸ் அறிக்கை வரவில்லை என்று வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டுவதற்குள் கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தவமலர் நீதவானையும் திட்டவில்லை, பொலிசையும் திட்டவில்லை. வின்சன்டைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள்.

“பாவம் அந்தப் பொடியன்,” என்றான் தில்லையம்பலம். “தன்ட தொழிலையும் பாராமல் நடந்தவன்.”

“பாவம்தான்,” என்றாள் அவள். “அடுத்த தவணைக்கு முன்னமாவது வெறுங்காலோட நடக்கட்டும்.”