இரும்புத் தொப்பிக்குள் அப்பா

நேற்றுப் பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் ஆறு வயது மகளைக் காணவில்லை. ரொறன்ரோப் பூங்காவில் ஐரோப்பிய மத்தியகால விழா, குடும்பமாக வேடமிட்டிருந்தோம். போர்வீரன் வேடமிட்ட கணவரின் இரும்புச் சட்டையும் முகம் மூடும் இரும்புத் தொப்பியும் துருப்பிடிக்காமல் பூசிவிட்ட தேங்காயெண்ணெய் என் கையில் மணத்தது.

என் சின்ன வயதில் மன்னாரில், மாதா கோயில் கூத்தில் ராசா வேடமிட்ட என் அப்பா கூப்பிட்டபோது நான் அலறி மேடைக்கடியில் ஒளிந்தேன். தேங்காயெண்ணெயால் அவர் அரிதாரத்தைத் துடைத்த பிறகுதான் வெளியே வந்தேன். இவளும் தொப்பிக்குள் இருப்பது அப்பா என்று தெரியாமல் பயந்து ஒளிந்தாளோ?

"தொப்பியைக் கழட்டிப்போட்டுத் தேடுங்கோ!" என்று கணவரிடம் கத்தினேன்.

"கழருதில்லை, இறுகிப்போச்சு!" கணவர் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

கடைசியில் தொப்பி கழராத அந்தப் போர்வீரனின் கையைப் பிடித்தபடி மகள் வந்தாள்.

"அம்மா, இந்த அங்கிள் எங்கட அப்பா மாதிரியே கதைக்கிறார்!"