பல் நிறத்தில் ஒரு கிட்டார்

என் அக்கா பல் கட்டுகிறவள். பல் டாக்டர் இல்லை. யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கே கோபம் வரும். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அக்கா எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பல் செட் செய்து, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கூட அவள் பார்த்ததில்லை. பெட்டி வரும், பெட்டி போகும், அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு நடுவில் எங்களுக்கு ஒரு பாட்டுக் குழுவும் இருந்தது. அக்கா எலக்ட்ரிக் கிட்டார், நான் பாட்டு, அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் டிரம்ஸ். ஏதோ பெரிய குழு என்று நினைத்துவிட வேண்டாம். தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு வாசிப்போம். கேக் வெட்டி முடித்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் தேய்க்கும் சக்கரம் அக்காவின் இடது சுண்டுவிரலில் ஏறிவிட்டது. காயம் ஆறிவிட்டது, விரல் மட்டும் பழையபடி நீளவில்லை. பல் செய்ய அந்த விரல் தேவையில்லை. கிட்டாருக்குத் தேவை. கழுத்துப் பகுதியைச் சுற்றிப் பிடித்தால் மேலே இருக்கும் தடித்த கம்பிக்கு விரல் எட்டாது. அவள் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குழுவும் அதோடு படுத்துவிட்டது.

இந்த வருஷம் டாக்டர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். முப்பது வருஷ நோயாளிகளையெல்லாம் கூப்பிட்டு ஒரு மண்டபத்தில் விருந்து. 'உங்க குழுதான் வாசிக்கணும்' என்று அக்காவுக்கு அவரே போன் செய்தார். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்டி" என்றாள்.

"டாக்டர்கிட்ட வாயைக் குடுத்தா அப்படித்தான்" என்றேன்.

விஷயம் எங்கள் கடைசிப் பாட்டில் இருந்தது. வரிகள் என்னுடையவை, மெட்டு அவளுடையது. முடிவில் நானும் நிறுத்துவேன், டிரம்ஸும் நிற்கும், கிட்டார் மட்டும் தனியாக ஏழு ஸ்வரம் வாசிக்கும். அந்த ஏழாவது, சுண்டுவிரல் வாசிக்க வேண்டியது. ஆறோடு முடித்துக்கொள்ளலாமே என்று நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னேன்.

"முன்பல்லு இல்லாம செட்டு செஞ்சு குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து கிட்டாரை இழுத்தாள். "விரல் நீளாது. சரி. கழுத்து மெலியலாமில்ல?"

அன்றைக்குப் பிடித்தது சனி. கம்பிகளைக் கழற்றினாள், பின்பக்கத் திருகு நான்கையும் கழற்றிக் கழுத்தைத் தனியாக எடுத்தாள். மரத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் அதில் போய் முட்டும், கழுத்து தேறாது. அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, எங்கள் ஆட்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள். பல்லுக்கு எடுக்கும் படம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும் என்பதால் துண்டு துண்டாகப் பதினோரு படம். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

"வேர் ரொம்ப நேரா இருக்கே, யாரு இந்த பேஷண்ட்?" என்று கேட்டாராம். எக்ஸ்ரேக்காரி இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

எங்கே சீவ வேண்டும் என்பதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. பல் டாக்டர்கள் நம் பல்லுக்கு நடுவில் ஒரு நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே உயரம் அதிகம் என்று தேய்ப்பார்களே, அதே காகிதம்தான். அதைக் கழுத்தின்மேல் சுற்றுவாள், உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பாள், எடுத்துப் பார்ப்பாள். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் உப்புக் காகிதத்தால் தேய்ப்பாள். மறுபடி சுற்றுவாள், மறுபடி பிடிப்பாள். இப்படிப் பத்து நாள். சாப்பிட வரும்போது இடது கை முழுக்க நீலமாக இருக்கும். பத்தாவது நாள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள், சுண்டுவிரல் தடித்த கம்பி வரும் இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அதோடு விட்டாளா? இல்லை. கழுத்து புதுசாகிவிட்டதால் உடம்பும் புதுசாக வேண்டுமாம். பழைய கறுப்புப் பெயிண்டைச் சூடு காட்டிச் சுரண்டினாள். வீடெங்கும் தூசி. அத்தான், அதாவது அவள் கணவர், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர், தூசி பட்டால் பதினைந்து தும்மல் தும்முவார். அந்த மனிதர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார், குறை என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏனென்றால் பெயிண்ட் அடிக்க அவள் பிடித்த இடம் குளியலறை. வெந்நீரைத் திறந்துவிட்டால் ஆவியில் தூசி அடங்கிவிடுமாம். துணி போடும் கொடியில் கிட்டாரின் உடம்பு தொங்கியது. நாங்கள் நான்கு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனோம்.

"உன் அக்காவுக்கு இன்னும் காயலையா?" என்று அந்த வீட்டம்மா தினமும் கேட்பார்.

சுத்த வெள்ளை அடிக்கப்போவதாகத்தான் சொல்லியிருந்தாள். ஐந்தாம் நாள் வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"இது என்ன கலரு?" என்றேன்.

"வெள்ளைதான்."

"டீ நிறையக் குடிக்கிறவங்க வெள்ளை" என்றார் அத்தான், துணிக்குள்ளிருந்து.

அக்கா மாடிக்கு ஓடினாள். நோயாளியின் பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் பல் வரிசையைக் கொண்டுவந்து கிட்டார்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்றாவது பல் அப்படியே ஒட்டிக்கொண்டதுபோல் பொருந்தியது. இருபத்திரண்டு வருஷமாக, வெறும் வெள்ளை பொய்ப்பல் மாதிரித் தெரியும் என்று ஒரு துளி மஞ்சளும் அரைத் துளி சாம்பலும் சேர்த்துப் பழகிய கை. அவளைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டிருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அப்ப ஈறும் வேணும்" என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை ஈறு செய்யும் ரோஜா நிறப் பொருளிலேயே செய்து மாட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான கிட்டாரை நான் பார்த்ததில்லை.

கம்பி மாட்டி மாடியறையில் வாசித்துக் காட்டினாள். ஏழும் விழுந்தன. மெலிந்த கழுத்து அவள் கைக்குள் பூனைக்குட்டி மாதிரி அடங்கியிருந்தது.

விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எக்ஸ்ரேக்காரி வீட்டில் ஒத்திகை. அக்கா வாரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்தது, நான் நிறுத்தினேன், டிரம்ஸ் நின்றது. ஆறு ஸ்வரம் வந்தது. ஏழாவது வரவில்லை. மறுபடி. வரவில்லை. எட்டுத் தடவை வாசித்தாள், எட்டுத் தடவையும் விரல் அரை அங்குலம் குறைந்தது. இனிமேல் சீவவும் இடமில்லை, உள்ளே இரும்பு.

வீட்டுக்கு வந்ததும் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. "வேற யாரையாவது கூப்பிட்டுக்கச் சொல்லு" என்று மாடியேறிவிட்டாள். அந்த முகத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்க என்னால் முடியாது.

மறுநாள் காலையில் நன்றாக நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். அக்கா வேலையில் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, இடது முழங்கையை மேசையில் ஊன்றி, மெழுகுப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். திட்ட வந்தவள் அந்த முழங்கையையே பார்த்தேன்.

"அக்கா, நீ எப்பவாவது நின்னுக்கிட்டு வேலை செஞ்சிருக்கியா?"

"பல்லு வேலையை யாருடி நின்னுக்கிட்டு செய்வா?"

"நீலக் காகிதம் சுத்தினப்ப?"

கத்தியைக் கீழே வைத்தாள். பத்து நாளும் அவள் அளவெடுத்தது முழங்கை ஊன்றிய கைக்கு. நிற்கும்போது மணிக்கட்டு வேறு மாதிரி மடங்குகிறது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவள் கை வேறு எப்படியும் வேலை செய்ததில்லை. நான் கீழே ஓடி கிட்டாரைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். முழங்கையை ஊன்றினாள். ஏழும் வந்தன.

"அதுக்கு? மேடைக்கு மேசையைத் தூக்கிட்டுப் போறதா?"

"ஆமா. தூக்கிட்டுத்தான் போறோம்."

அத்தான் அதைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றினார். பிளாஸ்டர் சொட்டும் மெழுகுக் கறையுமாக இருந்த அந்த மேசை மேடைக்கு வந்ததும் மண்டபத்தில் ஒரே குழப்பம். பல்லைப் பற்றி ஏதோ பேசப்போகிறார்கள் என்று சிலர் போனை எடுத்துக்கொண்டார்கள். அக்கா வந்து உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, பல் நிறக் கிட்டாரை மடியில் வைத்தாள். டாக்டருக்கு முதலில் புரிந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தார். ஈறு நிறக் குமிழைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மேடைவரைக்கும் வந்துவிட்டார்.

கடைசிப் பாட்டு. நான் நிறுத்தினேன். டிரம்ஸ் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதும் வந்தது, சுத்தமாக வந்தது, அடங்க மனமில்லாமல் நீண்டுகொண்டே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அக்கா எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்:

"மூணாவது வரிசை, கண்ணாடி போட்டவரு. மேல் செட்டு நான் செஞ்சது. கோரைப்பல்லை லேசாத் திருப்பி வெச்சேன், தெரியுது பாரு. அவருக்குப் பக்கத்துல அந்தம்மா, அதுவும் என்னோடது. பின்னாடி அந்தப் பெரியவரு."

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா உக்காந்திருக்குடி" என்றாள். முழங்கையை மறுபடி மேசையில் ஊன்றி, யாரும் கேட்காமலேயே, அந்த ஏழையும் இன்னொரு தடவை வாசித்தாள்.