துவக்கைத் தூக்காத மனிதர்

இராணுவத்தில் இறந்த பழைய மாணவர்களை நினைத்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் மகன் படித்த பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் ஓட்டப்போட்டி வைப்பார்கள். அவன் பேரையும் வாசிப்பார்கள் என்பதால் நான் போவேன்.

ஓட்டம் தொடங்கத் துவக்குச் சுடுகிறவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். ஒவ்வொரு பிள்ளையின் காலும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவர் வழக்கம்.

இந்த வருடம் ஒரு நிமிட மௌன அஞ்சலியில் பாதிதான் போயிருந்தது. பிரதம விருந்தாளி மணிக்கூட்டைப் பார்த்தார். உடனே ஒலிபெருக்கிக்காரர், "சரி, ஓட்டத்தைத் தொடங்குங்கோ" என்றார். இதற்காகவா பிள்ளையைக் கொடுத்தேன்?

தொப்பிக்காரர் துவக்கைத் தூக்கவில்லை.

"சேர், சுடுங்கோ! ஐயாவுக்கு அவசரம்" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

"அவர் போகட்டும். இன்னும் முப்பது செக்கன் கிடக்கு."

பிள்ளைகள் மறுபடி தலை குனிந்தார்கள். விருந்தாளியும் வேறு வழியில்லாமல் எழும்பி நின்றார்.

பிறகு தொப்பிக்காரரிடம் போய், "மூண்டாவதா வாசிச்ச பேர் என்ட மகன், சேர்" என்றேன்.

"தெரியும் அம்மா. சுட முந்தியே பாய்வான். எத்தினை தரம் திருப்பிக் கோட்டில விட்டிருப்பன்! பெரியாக்கள் பாய்ஞ்சாலும் அதுதானே என்ட வேலை."

விருந்தாளியின் பேரை மூச்சுக்கு மூச்சு சொன்ன அந்த ஒலிபெருக்கி, இவர் பேரை ஒரு தரமும் சொல்லவில்லை.